குடை பிடித்த கை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்ற வரியை இந்தத் தடவை எழுதப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் வேளா வேளைக்கு மெஸ் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமையானால் கேமரா கிளப், வருகிற மாசியில் கல்யாணம். உனக்கென்ன குறை? இங்கே எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று மைன்ஸில், நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடுகிற இடத்தில், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு என் கூட வேலை செய்கிறவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டேன். இருபது வருஷமாக என்னோடு ஒரே ஷிஃப்டில் இருக்கிற மனிதர். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாண்ணே, வூட்ல எதுனா சண்டையா?" என்று கேட்டார். வீட்டில் சண்டை இல்லை. எனக்குச் சண்டை உன்னோடு. அதை நேரில் போடத்தான் ஆசை. நீ லீவு போட்டு வருவதற்குள் காரியம் கையை மீறிவிடும் என்பதால் எழுதுகிறேன். ஆற அமர எழுதுகிறேன், நீயும் ஆற அமர உட்கார்ந்து படி. கிளப்பில் எல்லார் முன்னாலும் பிரித்துவிடாதே.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணி இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு வசந்தியின் அப்பா வந்தார். நெல்லிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பிளாக் நம்பரை வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு, அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் நல்ல சேதி என்று யார் நினைப்பார்கள்? உன் அம்மா பதறிப்போய் மோர் கலக்கி எடுத்து வந்தாள். அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மடியில் வைத்திருந்த மஞ்சள் பையைப் பிரித்தார். உள்ளே ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு செய்தித்தாள் பொட்டலம், அதற்குள் ஒரு லென்ஸ். கூடவே நாலாக மடித்த ஒரு காகிதம்.

"சம்மந்தி, நீங்கதான் கேமரா சங்கதி தெரிஞ்சவரு. மாப்ள எழுதின சாமான் இதானான்னு பாத்து சொல்லிடுங்க. அந்த இங்கிலீசு எனக்குப் புரியல. தப்பா இருந்துச்சுன்னா மாத்திடலாங்க" என்றார்.

"மாப்பிள்ளை எழுதினதா? யார் கேட்டது?" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் ஓங்கித்தான் கேட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, மாப்ள வாயத் தொறந்து கேக்கலைங்க. எங்க பெரியவன்தான் கடுதாசி போட்டான். ஒண்ணுமே வேணாம்னா எப்பிடி, ஊர்ல நாலு பேரு கேக்க மாட்டாங்களா, எதுனா ஒண்ணு சொல்லுங்கன்னு. அதுக்கோசரம் எழுதியிருக்காரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க" என்றார். உன் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை நீ பார்த்திருக்க வேண்டும்.

காகிதத்தைப் பிரித்தேன். உன் கையெழுத்து. பத்தாவது வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து நான் திருத்திய கையெழுத்து. ஒரு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, கூடவே மூன்று லென்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது ஏன் வேண்டும் என்று ஒரு குறிப்பு. இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தேன். "வெளிச்சம் குறைந்த கூடங்களில் எடுக்க 1.4 லென்ஸ்தான் உத்தமம், 1.8 போதாது." இது என் வாக்கியம். கார்த்திகையில் நீ எனக்கு எழுதிய கடிதத்துக்கு, பத்துப் பக்கம் பதில் எழுதினேனே, அதில் இருந்த வாக்கியம். எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போட்டிருக்கிறாய். பரீட்சையில் காப்பியடித்தால் அடித்துத் தோலை உரிப்பேன் என்று சொல்லி வளர்த்தேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் நீ என்ன கேட்டாய்? "அப்பா, கிளப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். ஒரு ஜப்பான் கம்பெனியின் கேமரா முழுக்க இரும்பு, பேட்டரி இல்லாவிட்டாலும் ஓடும். இன்னொரு கம்பெனியுடையது லேசானது, வெளிச்சத்தை அதுவே அளந்து வைத்துக்கொள்ளும். ஒன்றின் லென்ஸ் மற்றதில் மாட்டாது. ஒருமுறை ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் ஆயுசுக்கும் அங்கேதான். நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த டவுன்ஷிப்பில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற என்னிடம் பெற்ற பிள்ளையே ஆலோசனை கேட்கிறான் என்றால் சும்மாவா? லென்ஸுக்கு லென்ஸ் தராசில் வைத்து எழுதினேன். அகலமாக எடுக்க 28 வேண்டும் என்றேன், ஜூம் இருந்தால் வசதி என்றேன், 1.4 உத்தமம் என்றேன். நீ சம்பாதித்து, சேர்த்து, இரண்டு மூன்று வருஷத்தில் ஒவ்வொன்றாக வாங்குவாய் என்று நினைத்தேன். யார் வாங்கித் தரப் போகிறார்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சொந்தக் கையிலிருந்து போகாது என்றால் 1.4 சொல்வதற்கு நாக்குக்கு என்ன வலி?

நிச்சயதார்த்தத்தன்று நீ பேசிய பேச்சை மறந்துவிட்டாயா? தாம்பூலம் மாற்றிக்கொள்ளும் நேரத்தில் வசந்தியின் பெரியப்பா, "மாப்ளைக்கு இன்னா செய்யணும்னு சொல்லிட்டீங்கன்னா..." என்று இழுத்தார். நீ எழுந்து நின்று, "எனக்கு எதுவும் வேண்டாம். பொண்ண மட்டும் குடுங்க. வரதட்சணை வாங்குறவன் ஆம்பளையே இல்ல" என்றாய். உன் அம்மா பட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மறுநாள் கேன்டீனில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் விடாமல் பிடித்து வைத்துச் சொன்னேன். "நம்ம பையன் ஒரு பைசா வேணாம்னுட்டான்யா." அதைக் கேட்டுவிட்டுத் தன் மகனுக்குப் பேசிய ஸ்கூட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார். நம் பிளாக்கில்தான், மூன்றாவது வீடு. இப்போது அவர் எதிரில் வந்தால் நான் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிக்கொண்டு போகிறேன்.

அந்த லென்ஸின் கதையையும் கேள். மெட்ராஸில் ஹார்பர் பக்கம் ஃபாரின் சாமான் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே போய், கடை கடையாக உன் காகிதத்தை நீட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஒருவன், "1.4 தான பெரியவரே, இந்தா, எல்லாக் கேமராவுக்கும் சேரும்" என்று தலையில் கட்டியிருக்கிறான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது மரை வைத்த லென்ஸ், போல்ட் மாதிரி சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டியது. நீ எழுதியிருக்கிற பாடியோ கால் சுற்றுத் திருப்பினால் கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் சாதி. இரண்டும் இந்த ஜென்மத்தில் சேராது. நாள் முழுக்க போல்ட்டோடும் மரையோடும் மாரடிக்கிறவன் நான், இதற்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் என் பழைய கேமராவை எடுத்து வந்தேன். அதுவும் மரைதான். லென்ஸை வைத்துச் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி ஏறி உட்கார்ந்தது. அந்த மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மாட்டிக்கிச்சு பாருங்க! மாட்டிக்கிச்சு! பஸ்ஸுல வரும்போது பூரா இதே கவலதாங்க எனக்கு" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அருமையான லென்ஸ் சம்பந்தி" என்றேன். அறுபதை நெருங்குகிற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து வாய் கூசாமல் பொய் சொன்னேன். உன்னால் சொன்னேன்.

அத்தோடு போகவில்லை. அவர் மெட்ராஸில் அலைந்துகொண்டிருந்த அதே நாளில் சர்க்கரை ஆலையிலிருந்து அவருக்குக் கட்டிங் ஆர்டர் வந்திருக்கிறது. கரும்பை வெட்டி அனுப்ப ஆலை கொடுக்கிற முறை அது. அவர் ஊரில் இல்லை, ஆள் பேச, வண்டி பேச யாருமில்லை, முறை அடுத்தவருக்குப் போய்விட்டது. "கரும்பு எங்கங்க ஓடிப்பூடும்? கொல்லையிலதான் நிக்கிது. திரும்பக் குடுப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கரும்பு எங்கும் ஓடாதுதான். முற்றிப் பூத்துவிட்டால் சக்கையாகி எடை விழுந்துவிடும் என்று கம்மாபுரத்துக்காரனான எனக்குத் தெரியாதா? நீ எழுதின ஒற்றை வரி ஒரு குடும்பத்தின் வெள்ளாமையை வயலில் நிறுத்தி வைத்திருக்கிறது. அப்போதும் அவர் புறப்படும்போது கேட்டருகில் நின்று குரலைத் தணித்துக்கொண்டு, "பொண்ணுக்கு இது தெரியாதுங்க. நீங்களும் ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அவ ஒரு மாதிரி ரோசக்காரி" என்றார். ரோசக்காரியாம். கேட்டுக்கொள்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். எழுதிய பாவத்துக்கு நானே அடித்துத் திருத்துகிறேன். 1.4-க்கும் 1.8-க்கும் நடுவில் முழுசாக ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடக் கிடையாது. ஷட்டரை ஒரு படி குறைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் தீர்ந்தது. அந்த அரைகுறை வெளிச்சத்துக்கு ஒரு மனிதர் வெயிலில் நடக்க வேண்டுமா? 28 எதற்கு? இரண்டு எட்டு பின்னால் போ. எழுபதிலிருந்து இருநூற்றுப் பத்து வரைக்கும் ஜூம் எதற்கு? பத்து எட்டு முன்னால் போ. கால் எதற்கு இருக்கிறது? கிளப் கேமராவில் நீ எடுத்து அனுப்புகிற படங்களைப் பார்க்கிறேன். பூங்காவில் புறா, ஏரியில் சூரியன், யாரோ ஒரு பூக்காரியின் முதுகு. முதுகை எடுக்க உனக்கு டெலி லென்ஸ் வேண்டுமாக்கும். அவளிடம் போய், "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்கத் தைரியம் இல்லாதவன்தான் நீள லென்ஸ் தேடுவான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? நானும் தேடினேன், அதனால்தான்.

இனிமேல் சொல்லப் போவதை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ விட்டுவைக்கவில்லை.

எனக்கு முதல் கேமரா எப்படி வந்தது தெரியுமா? என் தலை தீபாவளிக்கு உன் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம், காடாம்புலியூருக்குப் பக்கத்தில். அப்போதுதான் எனக்கு மைன்ஸில் வேலை பர்மனென்ட் ஆகியிருந்தது. நடையே தரையில் இல்லை. கல்யாணத்துக்கு முன் ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவன் ஒரு கேமரா வைத்திருந்தான், எனக்கும் அது வேண்டும். விடிகாலை எண்ணெய் தேய்க்கப் பலகை போட்டுக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. வேட்டி மோதிரமெல்லாம் வேண்டாம், கேமரா வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். எண்ணெய் ஆறிப்போனது. வீட்டில் யாரும் குளிக்கவில்லை, யாரும் இட்லியைத் தொடவில்லை. இருபத்தாறு வயசுத் தடியன் செய்த காரியத்தைப் பார். உன் தாத்தா வந்து என் பக்கத்தில் குந்தினார். "கேமராங்கிறது படம் புடிக்கிற பொட்டிதான மாப்ள? அதுக்கு ஏன் நல்ல நாளும் அதுவுமா மொகத்தத் தூக்கி வச்சிக்கினு? எழுந்து குளிங்க. வாங்கிடலாம்" என்றார். எழுந்து குளித்தேன். ஜெயித்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு.

மார்கழியில் ஜெர்மன்காரன் செய்த ஒரு மடக்கு கேமராவை அவரே குவார்ட்டர்ஸுக்கு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கே ஃபிலிம் போட்டேன், பன்னிரண்டு படம். மைன்ஸில் பெரிய சக்கரத்தில் வாளி வாளியாக மண்ணை வெட்டும் இயந்திரம் வந்த புதிது. அதை ஊரே வேடிக்கை பார்க்கும். பார்வையாளர் நிற்கிற மேட்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். சூரியன் நேர் எதிரில். லென்ஸில் வெயில் விழுந்தால் படம் வெளுத்துப்போகும் என்று எங்கோ படித்திருந்தேன். "மாமா, கொடைய கொஞ்சம் இப்படிப் புடிங்க. இன்னும் கொஞ்சம். ஆங், ஆடாதீங்க" என்றேன். முக்கால் மணி நேரம் லென்ஸுக்கு நிழல் பிடித்துக்கொண்டு அவர் வெயிலில் நின்றார். பன்னிரண்டு படத்தில் இயந்திரம், சாலை, புதுக் கட்டடம், பிறகு அவரையே பொத்தானை அமுக்கச் சொல்லி நான். அவரை ஒன்றுகூட எடுக்கத் தோன்றவில்லை. அந்தக் கேமராவில் கண் பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் பார்ப்பது வேறு. கழுவி வந்தபோது ஒரு படத்தின் ஓரத்தில் குடைக் கம்பியும் அதைப் பிடித்த கையும் விழுந்திருந்தன. பண்ருட்டி ஸ்டுடியோவில், "அந்தக் கைய வெட்டிட்டு பிரிண்ட் போடுங்க, படமே கெட்டுப்போச்சு" என்றேன். வெட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். அதைத்தான் நம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். நீ பார்த்து வளர்ந்த படம் அது.

பொங்கலுக்கு அந்த ஊருக்குக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்தால் வெயில் சுரீரென்று அடிக்கிறது. என்னமோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பலா மரம் இல்லை. வேரிலேயே காய்க்கும், பண்ருட்டி வியாபாரிகள் தேடிக்கொண்டு வருவார்கள், உன் அம்மா பிறந்தபோதே அது பெரிய மரம். "இங்க இருந்த பலா எங்க?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க கழுத்துலதான் தொங்கிக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அவள் என் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் "என் அம்மாவுக்குப் போட்டோ என்றால் கூச்சம்" என்று கட்டுரையில் எழுதினாய். கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் பார். நான் கூப்பிட்டால்தான் அடுப்பில் பால் பொங்கும், கொடியில் துணி காயும், கண்ணில் தூசி விழும். ஆல்பம் ஆல்பமாக அடுக்கி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் எந்த மரத்தடியில் எந்த மணிக்கு எந்த வெளிச்சம் விழும் என்று எனக்குத் தெரியும். என் பெண்டாட்டியின் முகத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்று என் கேமராவுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷம் ஒரு மனுஷி ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எதிர்த்துப் பேசாமல், சண்டை போடாமல், இப்படித் தண்டிக்க முடியும் என்பதை நீ தெரிந்துகொள். உனக்கு வாய்க்கப் போகிறவள் ரோசக்காரி என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதோடாவது நான் திருந்தினேனா? எழுபதுகளில் எனக்கு சிஸ்டம் பைத்தியம் பிடித்தது, ஒரு பாடியும் அதற்கென்றே ஆன லென்ஸ்களுமாகச் சேர்க்கிற பைத்தியம். பவர் ஹவுஸ் வேலைக்கு வந்திருந்த ரஷ்யக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் கேமராவை விற்றார். லென்ஸ் கழற்றி மாட்டலாம், கண்ணில் தெரிவதே படத்தில் விழும். அதை வாங்க மடக்கு கேமராவை விற்றேன். பலா மரத்தை இரண்டாம் தடவை விற்றேன் என்று வைத்துக்கொள். உன் அம்மா அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி. "அதுல எங்கப்பாவ ஒரு தடவையாவது புடிச்சீங்களா?" நான் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற புது 135 லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நீ நாலாவது படிக்கும்போது தாத்தா உனக்கு முந்திரிப் பருப்பு எடுத்துக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு எனக்கே உறைத்து, "மாமா, உக்காருங்க, ஒங்கள ஒரு படம் எடுக்கறேன்" என்றேன். நம் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேமராவில் இருந்தது 135. முகத்தில் பாதிதான் தெரிகிறது. பின்னால் போனேன், வேலி இடித்தது. வேலியைத் தாண்டி ரோட்டுக்கே போனேன், குறுக்கே சைக்கிளும் ஆளும். சின்ன லென்ஸை மாட்டலாம் என்றால் அதை ஒரு ஃபிளாஷுக்கு ஈடாக நண்பனிடம் இரவல் கொடுத்திருந்தேன். அவன் செகண்ட் ஷிஃப்ட். முகத்தை மட்டுமாவது எடுத்திருக்கலாம். எனக்கு அது சரியான கம்போசிஷன் இல்லையாம்! அரை மணி நேரம் பொறுத்துவிட்டு அவர் எழுந்தார். "பரவால்ல மாப்ள, அடுத்த தடவ புடிச்சிக்கலாம். பஸ்ஸு பூடும்" என்றார். அடுத்த தடவை வரவில்லை. ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டும். என் மைத்துனர் எல்லார் முன்னிலையிலும் என்னிடம்தான் வந்தார். "ஒங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமே மாமா" என்றார். டவுன்ஷிப்பில் யார் வீட்டுக் காதுகுத்தானாலும் கேமராவோடு முதலில் நிற்கிறவன் நான். பெட்டி பெட்டியாக நெகட்டிவைக் கொட்டித் தேடினேன். உன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "தேடாதீங்க. இல்ல. எனக்குத் தெரியும்" என்றாள். பலகை மேல் அவருடைய துண்டை மடித்து வைத்து, அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டோம்.

உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. நீ ஊரான் பிள்ளையாக இருந்தால், வரதட்சணை வாங்குகிற ஆயிரம் பேரில் ஒருத்தன் என்று விட்டுவிடுவேன். என் பிள்ளையாகப் பிறந்து, நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டதை, நீ நாலு பேர் முன்னால் நல்லவன் வேஷம் போட்டுவிட்டுக் கொல்லை வழியாகக் கேட்டிருக்கிறாய். என்னைவிட ஒரு படி தேறிவிட்டாய். இதற்குத்தானா உன்னைப் படிக்க வைத்தேன்?

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு முழுக்குப் போடு. சனிக்கிழமையே பஸ் ஏறி, நேரே நெல்லிக்குப்பம் போ. இங்கே வராதே, முதலில் அங்கே. எழுதினது தப்பு என்று அவரிடம் சொல். மச்சானிடம் சொல்லி அனுப்புவது, கடிதம் போடுவது எதுவும் கூடாது. உன் வாயால், வசந்தியும் இருக்கும்போது சொல். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும், பின்னால் வேறு யார் வாயாலோ கேட்டுத் திருப்பிக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல். அந்த லென்ஸின் விலையை உன் சம்பளத்திலிருந்து அவர் கையில் கொடு. வாங்கமாட்டார். கொடுக்காமல் திரும்பாதே. கட்டிங் ஆர்டருக்கு யாரைப் பார்க்க வேண்டுமோ அவரோடு கூடவே போய் நில். நான் சொன்ன பொய்யையும் நீயே உடைத்துவிடு. மாப்பிள்ளை எழுதின கேமராவுக்கு இது சேராது, எங்கப்பாவுக்கு அது தெரியும், தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை என்று சொல்.

எந்த சிஸ்டம் என்று கேட்டாயே, அதற்கும் பதில் இருக்கிறது. என் ரஷ்யக் கேமராவை எடுத்துக்கொள். இரும்பு, பேட்டரி வேண்டாம், உன் கையிலும் இருபது வருஷம் ஓடும். அவர் அலைந்து வாங்கின லென்ஸ் அதற்குத்தான் சேரும், விலை கொடுத்த பிறகு அது உன்னுடையது. ஒரு பாடி, ஒரு லென்ஸ். முதல் ஃபிலிமில் முதல் படம், அவரை உட்கார வைத்து, முகத்துக்கு நேராக, கிட்டே போய் எடு. பிறகு ஏரியையும் புறாவையும் எடுத்துத் தொலை.

இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். நேற்று பண்ருட்டிக்குப் போய், அந்தப் பழைய நெகட்டிவை ஓரம் வெட்டாமல் முழுசாகப் போடச் சொன்னேன். வலது மூலையில் பார். குடைக் கம்பியைப் பிடித்திருக்கிற கை. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, விரல் நகத்தில் பலாப்பால் கறை. உன் தாத்தாவின் படம் இந்த உலகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது.

உன் அம்மா நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா எழுதறீங்க இவ்ளோ நேரம், படிங்க" என்றாள். இதுவரைக்கும் அத்தனையையும் படித்துக் காட்டினேன். பலா மரம் வந்த இடத்தில் அரிசி பொறுக்குவதை நிறுத்தினாள். முடித்த பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு வரி எழுதுங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் போயி அந்த மனுசன் மொகத்தப் பாத்து சொல்லிட்டு வரட்டும். கல்யாணத்தன்னிக்கி ஒங்க கேமராவுக்கு முன்னால வந்து நிக்கிறேன். சொல்லாம வந்தான்னா, மவன் கல்யாணமா இருந்தாலும் நான் அடுப்பாண்டதான் இருப்பேன்."

எழுதிவிட்டேன்.

அப்பா